ஆறாம் எண் சாவி

என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் நான் அதுவரை கண்டெடுத்ததெல்லாம் இருமல் மிட்டாய்க் காகிதம், திருநீற்றுப் பொட்டலம், பல் குத்தும் குச்சி இவ்வளவுதான். தொண்ணூற்று ஆறாம் வருடம் ஏப்ரலில், துவைக்கப் போட்ட காவலாளிச் சட்டையின் பையிலிருந்து ஒரு பித்தளைச் சாவி விழுந்தது. தலையில் 6 என்று பொறித்திருந்தது. அறுந்த சங்கிலியின் இரண்டு கண்ணிகள் அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ பூட்டுச் சாவி என்று எடுத்து அலமாரியில் போட்டிருப்பார்கள். நான் போடவில்லை. பதினோரு வருடமாக ஒரு வாட்ச்மேன் பெண்டாட்டியாக இருக்கிறேன். அந்தச் சாவி எந்தச் சுவரில் தொங்க வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

அவர் வேலை பார்ப்பது எங்கள் ஊர்ப் பக்கம் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் மூன்று மாடித் தொழிற்சாலை ஒன்றில். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஏழுக்குத்தான் ஆள் மாறும். தோளில் ஒரு கனத்த கடிகாரத்தை மாட்டிக்கொண்டு மணிக்கு ஒரு தடவை கட்டடத்தைச் சுற்றி வரவேண்டும். கடிகாரச் சுற்று இவருக்கு மட்டும்தான்; பகல் ஆளும் ஓய்வு நாளுக்கு வரும் மாற்று ஆளும் கேட்டில் உட்கார்ந்தால் போதும். ஆறு இடங்களில் ஆறு சாவிகளைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்பினால், உள்ளே இருக்கும் பேப்பரில் அந்த எண் குத்திக்கொள்ளும். காலையில் சூப்பர்வைசர் பேப்பரை எடுத்துப் பார்ப்பார். ஒரு எண் குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை குறைந்தால் விளக்கம் கேட்கமாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆறாவது சாவி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அறுபத்தெட்டுப் படி. சங்கிலி போட்டிருப்பதே கடிகாரம் சாவியைத் தேடிப் போகவேண்டும் என்பதற்காகத்தான். சாவி இவர் பையில் இருக்கிறது என்றால், இவர் மேலே ஏறுவதில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆறாம் எண்ணைக் குத்திக்கொண்டிருக்கிறார்.

மூஞ்சிக்கு நேரே கேட்டிருக்கலாம். வாய் இல்லாதவளும் இல்லை நான். ஆனால் சின்னத்தம்பி என்ற இந்த மனுஷர் பதினோரு வருடத்தில் ஒரு எண் தவறவிட்டதில்லை என்று கம்பெனியே தீபாவளிக்குப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்து, அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். கேட்டால் பொய் சொல்வார். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை. சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சாவியைப் பழையபடி பைக்குள் வைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே செய்தேன்.

ஏன் ஏறுவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். குளியலறையில் குந்தினால் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தார். நடை வாத்து நடையாகிவிட்டது. கால் சட்டைக்குள் கால் விடுவதற்குக்கூட நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. கேட்டால், "அறுபத்தாறு வயசாச்சுலா, பின்ன என்ன, டான்ஸா ஆடுவாங்க?" என்பார். அவருக்கு இரண்டு வயது மூத்த ராமையா அண்ணன் ஜாசின் சந்தையில் இன்னமும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததை நான் சொன்னால், அன்றைக்கு எனக்குப் பேச்சு கிடையாது.

மே மாதம் குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியாமல் ஈரத்தில் கிடந்தார். பக்கத்து வீட்டு மாரியம்மாவைக் கூப்பிடலாமா என்றதற்கு, "யாரையும் கூப்பிடாத ஜெயமணி" என்று கெஞ்சினார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நானே இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினேன். மறுநாள் டாக்டரிடம் வந்தே ஆகவேண்டும் என்றேன். மறுபேச்சு இல்லாமல் வந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் தர்மினி என்ற சின்ன வயது டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. வந்தவர்களை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற டாக்டர். அதற்காகவே எனக்குப் பிடித்துவிட்டது.

"ஐயா, கையைக் கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில இருந்து எழும்புங்கோ பார்ப்பம்."

அவர் முயன்றார். இரண்டு தடவை பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தட்டிப் பார்த்தார். தட்டும்போது அவர் பல்லைக் கடித்ததை நான் கவனித்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு குப்பியைக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது டாக்டர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வைட்டமின் டி மெத்தக் குறைவா இருக்குது ஐயா. அது குறைஞ்சா சாப்பாட்டில இருக்கிற கல்சியம் உடம்பில சேராது. எலும்பு மெலிஞ்சு போகும், தசைக்குப் பலம் இராது. படி ஏற ஏலாது, எழும்ப ஏலாது. குளிர் நாட்டில கிழவர்களுக்கு வாறது. இஞ்ச கொளுத்துற வெயிலில ஒருத்தருக்கும் வராதெண்டுதான் நாங்களே தேடிப் பார்க்கிறதில்லை. வெயில் தோலில பட்டா உடம்பே அதைச் செய்துகொள்ளும்." பேப்பரைக் கீழே வைத்தார். "நீங்கள் எப்ப ஐயா வெயிலைப் பார்க்கிறீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். பெருமையாக நான்தான் பதில் சொன்னேன்.

"காலைல ஏழரைக்கு வீட்டுக்கு வந்துருவாரு டாக்டர். ஜாக்கெட்டை முன்னுக்குப் பின்னாப் போட்டுக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல வருவாரு, கை வரைக்கும் மூடியிருக்கும். வந்த உடனே பசியாறிட்டுப் படுத்தா நாலரைக்குத்தான் எழுவாரு. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வராது. சன்னலுக்கு நான் பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன், மூணு அடுக்கு. அதுக்கு மேல கறுப்புத் துணி. கதவு இடுக்குல சாக்கு வச்சிருவேன்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா."

"அதுக்கு முதல் என்ன வேலை?"

"தோட்டத்துல, ரப்பர் சீட்டுக்குப் புகை போடற கூடத்துல இருந்தாரு. அதுலயும் சன்னல் கெடையாது டாக்டர். இருபத்தாறு வருஷம்..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். தினமும் ஒரு மாத்திரை வைட்டமின், ஒரு மாத்திரை கல்சியம். முட்டையும் மீனும் சாப்பாட்டில் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு, கையும் காலும் மூடாமல் அரைமணி நேரம் வெயிலில் உட்கார வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாலைந்து மாதத்தில் படி ஏறுவார் என்றார்.

இவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "டிசம்பருக்குள்ள ஏற முடியுமா டாக்டர்?"

ஏன் டிசம்பர் என்று டாக்டர் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் சூப்பர்வைசர் ஆறு இடத்துக்கும் நடந்து போய்ச் சங்கிலிகளை இழுத்துப் பார்ப்பார். அதற்குள் சாவி மேலே போயாக வேண்டும். போகாவிட்டால், வேலை மட்டுமா போகும்? திருட்டுத்தனமாகப் பேப்பர் குத்தியவர் என்று பேர் நிற்கும். சாமிப் படத்துக்குப் பக்கத்திலிருந்து அந்தச் சான்றிதழை நான் எந்தக் கையால் கழற்றுவேன்?

அன்று வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் கரண்டியும் எடுத்துக்கொண்டு சன்னலைச் சுரண்டினேன். மைதா மாவுப் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. பதினோரு வருடத்துச் செய்தி ஒவ்வொரு அடுக்காக உரிந்து வந்தது. இந்த இருட்டுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? தெருப் பிள்ளைகளைப் பந்தாட விடாமல் விரட்டினேன். மாரியம்மா வீட்டு ரேடியோவுக்காக அவளோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். மனுஷர் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறாரே, பகலிலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஆசை ஆசையாகச் செய்ததெல்லாம் அவர் எலும்பைத் தின்றிருக்கிறது. சுரண்டச் சுரண்ட அழுகை வந்தது. அழுதுகொண்டே முழுச் சன்னலையும் சுரண்டி முடித்தேன்.

ஜூனிலிருந்து நான் சர்வாதிகாரியாகிவிட்டேன். கடலோரத்து உம்பாய்க்குப் பஸ் பிடித்துப் போய்க் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் வாங்கி வந்தேன். ஒன்பது மணிக்கு அவரை அரைக்கால் சட்டையும் பனியனுமாக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த வேளைக்கு அவர் அரைத் தூக்கத்தில் இருப்பார். அடிக்கடி நிழலுக்குள் நாற்காலியை இழுத்துக்கொள்வார், நான் மறுபடி இழுத்து வெளியே விடுவேன். மாத்திரை இரண்டையும் நானே கையில் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தேன். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஆகஸ்டில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பெரிய முன்னேற்றம் இல்லை. நாற்காலியிலிருந்து இன்னும் கை ஊன்றித்தான் எழுந்தார்.

"மாத்திரை ஒழுங்கா எடுக்கிறாரே அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"பக்கத்துல நின்னு குடுக்கறேன் டாக்டர். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாக்கறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் செய்யலாம் என்று, வாசனை இலை பறிக்கப் பின்கட்டில் கூரைக்கு அடியில் இருந்த பண்டான் தொட்டிக்குப் போனேன். இலையை ஒதுக்கினால் அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. பாதி கரைந்த மாத்திரைகள். கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தன.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை எழுப்பி உட்கார வைத்திருப்பேன். ஆனால் நாலரை வரை பொறுத்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டு தேத்தண்ணிக்கு வந்து உட்கார்ந்ததும், மேசையில் அந்த மாத்திரைகளை வைத்தேன். அதற்குப் பக்கத்தில் அவர் சட்டையிலிருந்து எடுத்த ஆறாம் எண் சாவியையும் வைத்தேன்.

அவர் மாத்திரையைப் பார்க்கவில்லை. சாவியைத்தான் பார்த்தார்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஏப்ரல்லேருந்து."

"ஒண்ணும் கேக்கலியே நீ."

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். வாரா வாரம் துவைச்சுத் துவைச்சு உள்ள வச்சேன். மாத்திரையை எப்படித் துப்புனீங்க? வாயைத் தொறந்து காட்டுனீங்களே."

அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். சின்ன வயதில் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும்போது மருந்து கொடுக்கும் டிரெசர் எல்லோர் வாயிலும் மலேரியா மாத்திரை போட்டு, திறந்து காட்டச் சொல்வாராம். கசப்புத் தாங்காமல் நாக்குக்கு அடியில் மடித்து வைக்க எல்லோருமே பழகியிருந்தார்களாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வித்தை, நாக்கு மறக்கவில்லை.

"அது கசந்துச்சு, துப்புனீங்க. இது கசக்கலியே."

"மாத்திரைன்னா தூக்கம் வரும் ஜெயமணி." தலையைக் குனிந்துகொண்டார். "ரங்கசாமி தெரியும்ல, ரெண்டாவது கேட்டுல இருந்தானே. சளிக்கு ஒரே ஒரு மாத்திரைதான் போட்டான். டூட்டில கண் அசந்துட்டான். கம்பி ரோல் பூராவையும் லோரில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாளே அவனுக்கு வேலை போச்சு. அன்னையிலேருந்து காய்ச்சல் வந்தாக்கூட நான் மாத்திரை தொடறதில்ல. வாட்ச்மேனுக்குக் கண்ணுதான்லா சோறு. ஏற்கனவே கால் போயிருச்சு. கண்ணையும் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

பதினோரு வருடமும் இந்த மனுஷர் சாதாரணத் தலைவலிக்குக்கூட ஒன்றும் விழுங்காமல், எனக்கும் தெரியாமல் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் தூக்கத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். அவர் விழிப்பைக் காப்பாற்றப் பார்த்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளப் பார்த்திருக்கிறோம்.

"மேல ஏறாம அங்க எப்படிக் காவல் பாக்கறீங்க?" என்றேன்.

"கீழ முற்றத்துல நின்னு தண்ணித் தொட்டிப் பக்கம் டார்ச் அடிச்சுப் பாப்பேன். மணிக்கு ஒரு தடவ. அப்புறம்தான் குத்துவேன்." சாவியை மேசையில் திரும்ப வைத்தார். "பாக்காம குத்துனதில்ல."

நான் சன்னலைப் பற்றிச் சொன்னேன். பேப்பரைச் சுரண்டிய அன்று அழுததைச் சொன்னேன். "உங்க கால நான்தான் கெடுத்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நல்லா தூங்குனேன்லா" என்றார்.

பேச்சால் அவரை நம்ப வைக்க முடியாது என்று தெரிந்தது. அதனால் ஒரு சோதனை வைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, காலை எட்டு மணிக்கு என் முன்னால் மாத்திரையை விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், காட்டினார். பிறகு சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து தூக்கம் வருகிறதா என்று காவல் காத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னையே காவல் காத்தார் என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்கு, "தலை லேசா கனக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, இதோ வந்துவிடும் பார் என்று சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று மணிக்கு நான்தான் தூங்கிப்போனேன். ஐந்து மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினார்.

"தூக்கமே வரல ஜெயமணி" என்றார், ஏதோ கடைக்காரன் ஏமாற்றிவிட்ட குரலில்.

"இனிமே விழுங்குவீங்கல்ல?"

"விழுங்கறேன்."

அதன் பிறகு அவர் ஒரு நாளும் துப்பவில்லை. நானும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசியில் நாற்காலியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். தீபாவளிக்குள் அவர் பிடித்துத் தொங்காததால் குளியலறைக் குழாய் ஆடாமல் நின்றது. நவம்பர் கடைசியில் பேரங்காடிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஒரு மாடி ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கீழே நின்ற என்னை ஏதோ பெரிய மலையில் ஏறியவர் மாதிரிப் பார்த்தார். ஆனால் சாவி மட்டும் பைக்குள்ளேயே இருந்தது. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் துணி ஊறப் போடுமுன் பைக்குள் கை விடுவேன், அது விரலில் குத்தும். டிசம்பர் பிறந்தது. சூப்பர்வைசர் பதினாறாம் தேதி சங்கிலி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அறுபத்தெட்டுப் படி என்பது ஒரு மாடி இல்லை.

ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, அவர் வீட்டுக்கு வரும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. அரைமணி நேரம் தாமதம். சட்டையைக் கழற்றிப் போட்டார், பசியாறினார், மாத்திரையை விழுங்கினார், நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் சட்டைப் பைக்குள் கை விட்டேன். விரலில் ஒன்றும் குத்தவில்லை. பையை வெளியே இழுத்துப் பார்த்தேன். காலியாக இருந்தது.

பயந்துவிட்டேன். பிடித்துவிட்டார்களோ, அதனால்தான் தாமதமோ என்று சட்டையும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். அவர் கால் இரண்டையும் நீட்டி, கண்ணை மூடி, வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"சாவி எங்கங்க?"

"அது இடத்துல இருக்கு." கண்ணைத் திறக்கவில்லை. "கம்பி போட்டு முறுக்கி மாட்டிட்டேன்."

"ஏறிட்டீங்களா?"

"பன்னெண்டு தடவ. கடைசி மூணு தடவ உக்காந்து உக்காந்து ஏறினேன். ஒரு நம்பர்கூட விடல."

"அப்புறம் ஏன் லேட்டு?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஏழு மணிக்குக் கடிகாரத்தைக் குடுத்துட்டு, மறுபடி ஒருக்கா ஏறினேன். சும்மாதான். அங்கேருந்து சூரியன் வர்றது தெரியுது ஜெயமணி. பதினோரு வருஷமா ஏறியிருக்கேன், ஒரு நாள் நின்னு பாத்ததில்ல."

பேப்பரில் எண் விழாத பதின்மூன்றாவது தடவை. யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், இந்தக் கால்களால் என் வீட்டுக்காரர் அறுபத்தெட்டுப் படி ஏறியிருக்கிறார். "நேரத்துக்கு வீட்டுக்கு வரத் தெரியாதா, பயந்து போயிட்டேன்லா" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டுக்கொண்டே அழுதேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் வெயில் விழுந்த படியைக் காட்டினார். நானும் போய் உட்கார்ந்தேன்.

சட்டையைப் பத்து மணிக்குத்தான் துவைத்தேன். கொடியில் போடும்போது பையை வெளியே இழுத்துவிட்டேன், அதுவும் காயட்டும் என்று.